செய்தி இல்லாத நாளில் எடுத்த படம்

விஸ்காம் முடித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “மதுரையிலேயே இருந்து பத்திரிகை போட்டோகிராபர் ஆக ஆசைப்படுகிறேன். இந்தத் தொழிலில் பல வருஷம் இருந்தவர்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்? முதலில் என்ன கேமரா வாங்குவது?”

கேமராவைக் கடைசியில் பார்ப்போம். நான் 1988இல் சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் பையனாகச் சேர்ந்தவன். அப்புறம் படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஸ்டிரிங்கர், அதற்குப் பிறகு ஒரு நாளிதழில் மாதச் சம்பளம், 2021இல் ஓய்வு. பெரிய விருது எதுவும் வாங்கியதில்லை, போர்முனை எதையும் பார்த்ததில்லை. மதுரை, மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று இதற்குள்ளேயே டி.வி.எஸ். 50ல் சுற்றிச் சுற்றி வந்து முடித்துவிட்டேன். அதனால் நான் சொல்வது இந்தச் சுற்றுக்குள் ஓடப் போகிறவருக்குத்தான் பொருந்தும்.

எடுத்த படங்களை விட்டுவிட்டு, எடுக்காமல் போன ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது உத்தப்புரம். 1989இல் அங்கே நடந்த சாதி மோதலுக்குப் பிறகு, தலித் மக்கள் குடியிருக்கும் பகுதியைப் பிரித்து ஊருக்குள்ளேயே நீளமாக ஒரு சுவர் எழுந்தது. 2008இல் அந்தச் சுவர் மேல் மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார்கள் என்ற விவகாரம் வெளியே வந்து, நாடு முழுக்கப் பேச்சாகி, மே 6ஆம் தேதி போலீஸ் பாதுகாப்போடு சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். அன்றைக்கும் அடுத்த நாளும் அங்கே நின்ற கேமராக்களுக்குக் கணக்கே இல்லை. நானும் நின்றேன். இடிந்த இடைவெளி, அதன் வழியாக நடந்து வரும் ஆட்கள், வரிசையாகப் போலீஸ். எல்லோரும் எடுத்த படம்தான் எனக்கும் கிடைத்தது.

சாயங்காலம் பத்திரிகை டெஸ்க்கிலிருந்து, அதாவது பக்கம் தயாரிக்கிறவர்களிடமிருந்து, போன். “சுவர் முழுசா நிக்கிற பழைய படம் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

இல்லை. எழுமலையில் என் அத்தை வீடு. அந்தப் பாதையில் பஸ்ஸிலும் வண்டியிலும் எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தோளில் எப்போதும் கேமரா பை தொங்கும். பதினெட்டு வருஷத்துக்கு மேல் நின்ற சுவரை ஒரு ஃபிரேம்கூட எடுக்கவில்லை. அது நின்றபோது எனக்குச் செய்தியாகத் தெரியவில்லை, விழுந்தபோதுதான் செய்தியாகத் தெரிந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தினமும் காலையில் எழுந்தால் அதுதான் செய்தி. என் கண்ணுக்கு ஏன் படவில்லை என்று யோசித்தால் எனக்குச் சங்கடமான பதில்கள்தான் வருகின்றன. அதை இங்கே விரிக்கவில்லை, உங்களுக்கே புரியும்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2012இல் மேலூர் வட்டாரத்து கிரானைட் குவாரி விவகாரம் வெடித்தது. அதற்கு முந்தைய வருஷம் மதுரைக்கு கலெக்டராக வந்த சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கைதான் தொடக்கம். கீழவளவு பக்கமெல்லாம் போய்ப் பார்த்தால் மலை இருந்த இடத்தில் கத்தியால் வெட்டிய அல்வாத் துண்டு மாதிரி பாறைச் சுவர்கள், நடுவில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். எல்லோரும் பள்ளத்தை எடுத்தோம். பள்ளத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு என்ன போனது என்று தெரியாதே.

வீட்டில் பரணில் இருந்த நெகட்டிவ் கவர்களை இறக்கித் தேடினேன். 1991இல் ஒரு கல்யாண ஆர்டர். மாப்பிள்ளை மேலூர் பக்கத்துக்காரர். தாலி கட்டி முடித்த கையோடு, “வெளியில நாலு படம் எடுங்கண்ணே” என்றார்கள். வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேடி ஒரு கண்மாய்க் கரைக்குப் போனோம். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிறார்கள், பின்னால் ஒரு மலை முழுசாக நிற்கிறது. கவர் மேல் ஊர் பேரும் தேதியும் எழுதியிருந்ததால் எந்த மலை என்பதில் குழப்பம் வரவில்லை. அப்போது அது எனக்கு வெறும் பின்னணி. கொஞ்சம் அவுட் ஆஃப் ஃபோகஸ்கூட.

ஆனால் உடனே தூக்கிக்கொண்டு போய் அச்சில் போட்டுவிட முடியாது. நம் நாட்டுப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் எடுக்கச் சொன்னவருக்குத்தான் சொந்தம். இருபத்தோரு வருஷம் கழித்து அந்த வீட்டைத் தேடிப் போனேன். அந்த அம்மா படத்தை வாங்கி, தன் முகத்தைப் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்தார்கள். “எங்களையும் சேர்த்தே போடுங்க, வெட்டாதீங்க” என்றார்கள். அப்படியே வந்தது, பக்கத்தில் பள்ளத்தின் படத்தோடு. முப்பத்து மூன்று வருஷத்தில் யாராவது என்னை நிறுத்திப் பாராட்டினார்கள் என்றால் அது இந்தப் படத்துக்குத்தான். அதை எடுத்தபோது நான் பத்திரிகைக்காரனாகவே யோசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே தம்பி, உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது முக்கியமாக ஒன்றுதான். அசைன்மென்ட்டுக்குப் போவீர்கள், அது உங்கள் சோறு. ஆனால் அசைன்மென்ட் இல்லாத நாளில், செய்தியே இல்லாத இடத்தில், இன்றைக்கு அங்கே என்ன நிற்கிறதோ அதை எடுங்கள். பெயரும் ஊரும் தேதியும் எழுதி வையுங்கள். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். போராட்டம் நடந்தபோது அந்த மலையடிவாரம் முழுக்கக் கேமரா. இப்போது யாரும் போவதில்லை. போவதென்றால் இப்போதுதான் போக வேண்டும்.

பெயர் எழுதுவது என்று சொன்னேன் இல்லையா, அதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

1996 என்று நினைவு. ஒரு பஸ் விபத்து. உடல்கள் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட்டன என்று தெரிந்து ஓடினேன். பிணவறைக்கு வெளியே கூட்டம், அழுகை. ஒரு வேப்பமரத்தடியில் வயதான அம்மா ஒருவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி வெளிச்சம். 135 எம்.எம். லென்ஸைப் போட்டு தூரத்திலிருந்தே இரண்டு ஃபிரேம். கிட்டே போய்ப் பேசவில்லை. அழுகிறவரிடம் போய் என்ன கேட்பது என்று ஒரு நாகரிகம், சரி, கொஞ்சம் சோம்பலும்தான். பிரிண்ட்டின் பின்னால் “விபத்தில் இறந்தவரின் உறவினர்” என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து டெஸ்க்குக்குப் போனதும் அது “மகனைப் பறிகொடுத்த தாய்” ஆனது. காலையில் முதல் பக்கம்.

மூன்றாம் நாள் அந்த அம்மா தம்பியோடு அலுவலகத்துக்கு வந்தார். கையில் சுருட்டிய பேப்பர். விபத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. புருஷனுக்குச் சர்க்கரை வியாதியில் காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே பையன் பம்பாயில் வேலை. பேப்பரைப் பார்த்துவிட்டு ஊரில் ஆட்கள் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பையனை உடனே போனில் பிடிக்கவா முடியும்? ஒன்றரை நாள் அந்த அம்மாவே நம்பியிருக்கிறார், பேப்பரில் போட்டிருக்கிறதே என்று.

கத்தவில்லை. என்னைப் பார்த்து, “என் புள்ள நல்லா இருக்கான்யா. நீ ஏன்யா சாகடிச்ச?” என்று மட்டும் கேட்டார்.

டெஸ்க்கில் மாற்றினார்கள் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நான் எழுதிக் கொடுத்ததே பொய். உள்பக்கத்தில் இரண்டு வரி வருத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. பெயர், வயது, ஊர், சம்பவத்துக்கு என்ன உறவு, அவர் சொன்னது ஒரு வரி. இன்ஷியல் சரிதானா என்று அவரிடமே காட்டிச் சரிபார்ப்பேன். பெயர் கிடைக்கவில்லை என்றால் படத்தைக் கொடுக்க மாட்டேன். இதனால் பல நல்ல படங்கள் கைவிட்டுப் போயிருக்கின்றன. ஒரு தடவை என் எடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். போகட்டும்.

பெயரைத் தெரிந்துகொள்வதும் பெயரைப் போடுவதும் வேறு வேறு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், படம், முகவரி, பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் வரைக்கும் தடுக்கிறது. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலைப் போடும் கூத்தெல்லாம் நம் ஊரில் நடக்கிறது. தெரு முழுக்கத் தெரிந்த கோலம் போட்ட வாசல், அப்புறம் முகத்தை மறைத்து என்ன பிரயோஜனம்?

போபால் விஷவாயுச் சாவுகள் என்றதும் நம் நினைவுக்கு வருவது மண்ணுக்குள் பாதி புதைந்த அந்தக் குழந்தையின் முகம். 1984 டிசம்பரில் ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியூ கலரிலும் எடுத்தார்கள். பாப்லோவின் படத்துக்கு அந்த வருஷத்து உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. உலகத்துக்கே தெரிந்த முகம், பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. அங்கே, அந்த நேரத்தில், யாரைப் போய்க் கேட்டிருக்க முடியும்? அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேப்பமரத்தடி அம்மா ஞாபகம் வந்துவிடுகிறது.

இன்னொன்று, படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள். பேப்பருக்கு எப்படி வேண்டுமானாலும் வெட்டிக் கொடுங்கள், முழு ஃபிரேம் உங்களிடம் இருக்க வேண்டும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் ஹரிபாபு என்ற போட்டோகிராபரும் ஒருவர். அவருக்கும் சதியில் பங்கு உண்டு என்பது விசாரணையில் வந்தது. அதை விடுங்கள். அவர் கேமராவில் தப்பித்த ஃபிலிமில்தான் சந்தன மாலையோடு நின்ற பெண்ணும், வெள்ளைக் குர்தா பைஜாமாவில் நின்ற ஆளும் இருந்தார்கள். விசாரணைக்கு முதல் பிடி அங்கேதான் கிடைத்தது. தலைவர் வருவதற்கு முன்னால் எடுத்த கூட்டப் படங்கள் அவை. சாதாரண நாளாக இருந்திருந்தால் எந்த டெஸ்க்கும் அதைத் திரும்பிப் பார்த்திருக்காது. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பழைய கூட்டப் படங்களைக் கிழித்துப் போடுவதை நான் நிறுத்தினேன்.

சரி, மதுரைக்காரன் என்றால் அழகரையும் ஜல்லிக்கட்டையும் பற்றிக் கேட்பீர்கள்.

சித்ரா பௌர்ணமி அன்று விடியற்காலை அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும் படம் எல்லாப் பேப்பரிலும் ஒன்றேபோலத்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். என்ன கலர் பட்டு கட்டியிருக்கிறார் என்று பார்க்க வாசகர் காத்திருக்கிறார், அந்தப் படத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு மேடையில் இடம் பிடிக்க முந்தைய நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்ததும் தூங்காமல் போய் நிற்க வேண்டும். தோப்பறை என்ற தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் கேமராவுக்குத் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள். அவர்கள் வேண்டுதல் அவர்களுக்கு. ஷவர் கேப், ரப்பர் பேண்ட், காய்ந்த துண்டு இரண்டு, இதுதான் என் பாதுகாப்புக் கவசம். 1993இல் சர்க்கரைத் தண்ணீர் லென்ஸுக்குள் போய், அதைக் கழற்றித் துடைக்க ஆன செலவு அந்த மாதத்து வீட்டு வாடகை.

நான் வருஷா வருஷம் செய்த ஒன்று உண்டு. அழகர் இறங்கும் அந்த ஓரிரு நிமிஷத்தில் ஒரே ஒரு தடவை முதுகைத் திருப்பிக் கூட்டத்தை எடுப்பேன், ஏ.வி. பாலத்தின் மேல் நிற்கிறவர்களையும் சேர்த்து. யாரும் கேட்காத படம். 1990இல் எடுத்ததில் எல்லாக் கையும் தலைக்கு மேல் கூப்பியிருக்கிறது. நடுவில் சர்க்கரை நிரப்பி தீபம் ஏற்றிய செம்புகள். 2005 வாக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக செல்போன். கடைசியாக எடுத்த 2019 படத்தில் கூப்பிய கைகளை எண்ணிவிடலாம், மற்ற எல்லாக் கையிலும் ஒரு சின்னத் திரை வெளிச்சம், ஒவ்வொரு திரையிலும் ஒரு அழகர். பக்தி குறைந்துவிட்டது என்று இதை வைத்து ஒரு பெரியவர் கட்டுரை எழுதப் போனார். நான் சம்மதிக்கவில்லை. அந்தப் போனை அணைத்துப் பையில் போட்டதும் அதே ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டதையும் நான்தான் பார்த்தேன். இந்தப் படங்களை நான் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதால்தான் இந்த விவாதமே வந்தது.

ஜல்லிக்கட்டில் புதுப் பையன்கள் செய்யும் தவறு, வாடிவாசலையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர், மூன்று நாளும் அதே மாடு தாண்டும் படம். வாசல்படியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொண்டு, ஷட்டர் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் வைத்து, காத்திருந்தால் யாருக்கும் கிடைக்கும். கோயில் காளை முதலில் வரும், அதை யாரும் பிடிக்க மாட்டார்கள், அதை வைத்து ஃபோகஸைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் பத்துப் படம் எடுத்தீர்களா, இறங்குங்கள். மாடு ஓடிப்போய் நிற்கும் கலெக்‌ஷன் பாயிண்ட்டுக்குப் போங்கள். அங்கே கயிற்றோடு நிற்பார்கள் மாட்டுக்காரர்கள். வாடிவாசலில் ஆளைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த காளை, அதை வளர்த்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு சத்தம் கொடுத்ததும் தலையைத் தாழ்த்திக் கயிற்றுக்கு நிற்கும். அதைப் பார்க்காமல் ஜல்லிக்கட்டு எடுத்தேன் என்று சொல்லாதீர்கள்.

2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2015 பொங்கலுக்கும் 2016 பொங்கலுக்கும் அலங்காநல்லூரில் மாடு அவிழ்க்கவில்லை. பத்திரிகைக்கு அன்று வேண்டியது கறுப்புக் கொடி, கைது. எடுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் வாடிவாசலுக்கு நேரே போய் நின்றேன். ஒரு வெள்ளாடு அந்த வாசலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. எடுத்தேன். அந்த வருஷம் அதை யாரும் போடவில்லை. 2017 ஜனவரியில் தமுக்கம் நிரம்பி, செல்லூர் பக்கம் வைகைப் பாலத்தில் ரயிலை நாள்கணக்கில் நிறுத்தி வைத்து, ஊரே தெருவில் நின்றபோது, அந்த ஆட்டுப் படம்தான் எங்கெங்கோ சுற்றியது. என் பெயர் இல்லாமல்தான், வழக்கம்போல.

பெயர் போடாததைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு பத்திரிகையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்து எடுக்கும் படத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லை என்றால், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு. மற்ற உரிமை உங்களுக்கு. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சேரும்போது கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் “எல்லா உரிமையும்” என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் போட்டவன் நான். நீங்கள் படியுங்கள். சேர்ந்த பிறகு கேட்கிறவனுக்கு ‘தகராறு பிடித்தவன்’ என்று பெயர் வந்துவிடும்.

அந்தக் கால டார்க் ரூம் பெருமை பேசுகிறவர்களை அதிகம் நம்பாதீர்கள், நானும் சேர்த்துத்தான். ஃபிலிம் கழுவும் டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். சித்திரை மாதத்து மதுரையில் குழாய்த் தண்ணீர் 30க்கு மேல் இருக்கும். மீன் மார்க்கெட்டில் போய் ஐஸ் உடைத்து வாங்கி வந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைக் குறைப்போம். அவசரத்தில் சூட்டிலேயே கழுவினால் நேரம் ஐந்து நிமிஷத்துக்கும் கீழே போய், படம் திட்டுத் திட்டாக வரும். சமயத்தில் ஃபிலிம் மேலிருக்கும் எமல்ஷன் பூச்சே உரிந்து வரும். கோடாக் வாங்கக் காசில்லாத நாளில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரி ரோல். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் பிரிண்ட் கவரை ஏற்றிவிட ஜங்ஷனுக்கு ஓடும்போது கை முழுக்க ஹைப்போ ரசாயன நாற்றம். இதில் என்ன மகிமை? ஒரு நாளைக்கு இரண்டு ரோல், 72 ஃபிரேம் என்ற கணக்கு மட்டும் ஒரு நல்லது செய்தது. எடுப்பதற்கு முன்னால் பார்க்க வைத்தது. இன்றைக்குப் பையன்கள் அரைநாளில் மூவாயிரம் எடுக்கிறார்கள், ராத்திரி அதில் எது என்ன என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

பிரஸ் மீட்டில் கவர் கொடுப்பார்கள். குறிப்புத் தாளோடு சேர்த்து ஒரு கவர். நான் வாங்கியிருக்கிறேன், முதல் மூன்று வருஷம். ஒரு படத்துக்கு 25 ரூபாய் கிடைத்த காலத்தில் கவரில் 100 ரூபாய் இருக்கும். அப்புறம் ஒரு நாள் கவர் கொடுத்த அதே ஆளுடைய குடோன் வாசலில் ஒரு விஷயமாகப் படம் எடுக்க நின்றேன். “என்ன தம்பி, நம்ம ஆளு நீங்க” என்று தோளில் கை போட்டார். அந்தக் கையின் கனம் இன்னும் தெரிகிறது. அதற்குப் பிறகு முகூர்த்த மாதத்தில் கல்யாண ஆர்டர் பிடித்துக் குடும்பத்தை ஓட்டினேன். கல்யாணப் படம் எடுப்பதை மட்டமாக நினைக்காதீர்கள். மலைப் படம் அங்கிருந்துதானே வந்தது.

செட்டப் படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, தினமும் பார்க்கிறீர்கள். நட்ட மரக்கன்றையே பிடுங்கி மறுபடி நடுவது, கொடுத்த அரிசிப் பையைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை கொடுப்பது. “சார், கொஞ்சம் இங்க பாருங்க” என்று கத்துவது நாம்தான். 2003இல் ஈராக்கில் இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டியதற்காக லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தன் போட்டோகிராபர் பிரையன் வால்ஸ்கியை உடனே வேலையிலிருந்து நீக்கியது. மரக்கன்றை மறுபடி நடச் சொன்னதற்கு நம்மை யாரும் நீக்குவதில்லை. இரண்டுக்கும் அவ்வளவு தூரமில்லை என்பது என் கட்சி. இதற்கு நேர்மாறாக 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டபோது, காற்றில் அத்தனையும் கரை ஒதுங்கியதைச் சும்மா நின்று எடுத்தார்கள். யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. நாடே பார்த்தது.

கலவரம், தடியடி என்றால் ஒன்றுதான் சொல்வேன். போலீஸுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்காதீர்கள், ஓரமாக நில்லுங்கள், வந்தவுடன் ஓடுவதற்கு எந்தச் சந்து என்று பார்த்துவிடுங்கள். கோரிப்பாளையத்தில் அந்தச் சந்து முட்டுச்சந்தா என்பதைச் சம்பவத்துக்கு முன்னால் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் காலத்து ஆளிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் எம். பழனிக்குமாரைப் பாருங்கள். அலங்காநல்லூர் பக்கத்து ஜவஹர்லால்புரத்துக்காரர். அம்மா மீன் வியாபாரம் செய்தவர். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் சாவையும் அவர் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்தது, ஒரு நாள் செய்திக்கு ஓடிய எங்களால் முடியாமல் போன வேலை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் ஆரம்பித்த ‘பாரி’ இணையதளத்தில் பழனிக்குமாரின் படங்களைப் பார்க்கலாம். மதுரைப் பக்கத்து ஆளால் இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு அவர் ஒருவரே போதும். தன் அம்மாவையே எடுத்திருக்கிறார். நான் முப்பத்து மூன்று வருஷத்தில் என் அம்மாவை ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்ததோடு சரி.

இப்போது கேமரா. புதிதாக வாங்கக் கடன் வாங்காதீர்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் விசாரித்தால் நல்ல செகண்ட் ஹேண்ட் கேமரா பாடி கிடைக்கும். அதோடு 35 அல்லது 50 எம்.எம். லென்ஸ் ஒன்று. நீள லென்ஸ் ஜல்லிக்கட்டு மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். சின்ன லென்ஸ் இருந்தால் கிட்டே போய்த்தான் ஆக வேண்டும், கிட்டே போனால் பெயர் கேட்டுத்தான் ஆக வேண்டும். என்னிடம் அன்றைக்கு அந்த 135 இல்லாமல் இருந்திருந்தால் வேப்பமரத்தடிக்கு நடந்து போயிருப்பேன். அப்புறம் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பாடிக்கு முன்னால் அதை வாங்கினாலும் தப்பில்லை. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் தேதி, இடம், பெயரை அன்றைக்கு ராத்திரியே ஏற்றிவிடுங்கள். நாளைக்கு என்றால் நடக்காது.

ஓய்வுக்குப் பிறகு என் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். சிலவற்றில் பூஞ்சை பிடித்துவிட்டது, சிலவற்றைத் திறந்தால் காடி வாசம் அடிக்கிறது. 1990க்கு முந்தைய கவர்கள் பலவற்றில் ஒன்றுமே எழுதியிருக்க மாட்டேன், அப்போது எல்லாம் நினைவில் நிற்கும் என்று நம்பினேன். அதில் ஒரு படம். ஆரப்பாளையம் மாதிரி இருக்கிறது, சொல்ல முடியவில்லை. சைக்கிள் கேரியரில் ஒரு பையன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், மடியில் ஒரு சேவல், என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஓட்டுகிறவரின் முதுகு மட்டும் தெரிகிறது. செல்போனில் போட்டு, டீக்கடையில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன். பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். இன்னும் ஆள் கிடைக்கவில்லை.